நிறுத்தும் கை

வாத்தியம் பயிலத் தொடங்குகிற எவருக்கும் முதலில் உண்டாவது நாதத்தை எழுப்ப வேண்டும் என்னும் ஆசைதான். எழுந்த நாதத்தை இன்ன கணத்தில் அடக்க வேண்டும் என்னும் எண்ணம் வெகுகாலம் கழித்து, பிறர் வாசிப்பைக் கேட்டுத் தம் வாசிப்பில் ஏதோ குறைகிறதே என்ற ஏக்கம் பிறந்த பிறகுதான் தலைகாட்டுகிறது. வயலின் பயில்கிறவர்கள் இந்த ஏக்கத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப் போடலாம். யுகுலேலி என்னும் நான்கு தந்திச் சிறுவாத்தியத்தைக் கையில் எடுத்த பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு மூன்று கார்டுகள், அதாவது ஸ்வரச் சேர்க்கைகள், விரலுக்குப் பழகிய மாத்திரத்தில், 'சங்க்' என்று அவர்கள் சொல்லும் மூடிய அடி வந்து எதிரே நின்றுவிடுகிறது. அவர்கள் வாசிக்க ஆசைப்படும் பாட்டுகளின் நடையே அந்த அடியின்மேல் ஏறி நிற்கிறது. உத்திரமேரூர் வட்டத்தில் நெல்வயல்களுக்கு நடுவே உள்ள எங்கள் கிராமத்துத் திண்ணையிலும் இந்த வாத்தியம் வந்து உட்கார்ந்துவிட்ட இக்காலத்தில், இளமையில் மிருதங்கம் பயின்றவன் என்னும் உரிமையைக் கொண்டு, அந்த ஓர் அடியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் அந்த அடி இன்னதென்று சொல்லிவிட வேண்டும். நான்கு எண்ணிக்கை கொண்ட சதுச்ர நடையில் ஒன்றும் மூன்றும் திறந்த வீச்சுகள்: வலக்கை ஆட்காட்டி விரலின் நகம் நான்கு தந்திகளையும் உரசிக்கொண்டு கீழே இறங்க, தந்திகள் தம் போக்கில் ஒலிக்கின்றன. இரண்டாவது எண்ணிக்கையிலும் நான்காவதிலும் அதே கை அதே வேகத்தில் இறங்குகிறது. ஆனால் நகம் தந்திகளைத் தொட்டுக் கடக்கும் அக்கணத்திலேயே, கட்டைவிரலின் அடிப்புறத்து உள்ளங்கைச் சதை தந்திகளின்மேல் படிந்து அவற்றை ஊமையாக்கிவிடுகிறது. அப்பொழுது எழுவது ஸ்வரம் அன்று; சுருதி சொல்ல முடியாத, 'சக்' என்ற வறண்ட ஓசை. நகம் தந்தியில் பட்ட சப்தமும், தந்தி விரற்பலகைமேலுள்ள கம்பிகளில் மோதிய சப்தமும், உள்ளே வெற்றிடமாக உள்ள மரப்பெட்டி அவ்விரண்டையும் வாங்கிக்கொண்டு உறுமும் சிற்றொலியும் சேர்ந்த ஓசை அது. நான்கு தந்திகளைக் கொண்ட ஒரு மீட்டு வாத்தியம் அக்கணத்தில் தோற்கருவியின் காரியத்தைச் செய்கிறது.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்தக் காரியத்தில் ஆரம்ப மாணாக்கர் எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். என் தம்பி மகள் பதினோராம் வகுப்பில் படிக்கிறவள். செல்பேசியில் பார்த்தே கார்டுகளைப் பழகிக்கொண்டவள். பள்ளிவிட்டு வந்தால் இருட்டும்வரை திண்ணையில் உட்கார்ந்து இந்த அடியோடு போராடிக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, கை சரியாத்தான் போவுது. ஆனா சத்தம் ரெண்டா வருது. இங்க பாருங்க."

பார்த்தேன். விரல் இறங்கியதும் தந்திகள் கணீரென்று ஒலித்தன; அதன் பின்னால், ஒரு கண்ணிமைப்பின் பாதி நேரம் கழித்து, உள்ளங்கை வந்து அவற்றை அமுக்கியது. 'டிங்' என்று ஒன்று, 'தப்' என்று ஒன்று.

"மொதல்ல அடிச்சிட்டு அப்புறம் அடக்குறே கண்ணு. ரெண்டு வேலைன்னு நெனைக்கிறதால ரெண்டு சத்தம்."

"அடிக்கிறதும் அடக்குறதும் ஒரே நேரத்துல எப்படிப் பெரியப்பா?"

அவளுக்குக் கொல்லைப்புறத்து வயலைக் காட்டினேன். மடை மாற்றுகிறவர் ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை முதலில் அடைத்துவிட்டுப் பிறகு அடுத்ததைத் திறப்பதில்லை. திறக்க வேண்டிய வரப்பில் வெட்டிய மண்ணையே, அந்த மண்வெட்டி வீச்சு முடியுமுன்பே, அடைக்க வேண்டிய வாயில் போடுகிறார். திறப்பும் அடைப்பும் ஒரே வீச்சாகிவிடுகின்றன. நீர்ப்பாசனத்தின் நுட்பங்களில் ஊறிய வட்டாரம் இது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையை விவரமாக வகுத்து வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் கல்வெட்டாகப் பொறித்தபோது, ஏரியைப் பராமரிப்பதற்கென்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தையும் அவ்வோலைகளாலேயே தேர்ந்தெடுக்க ஏற்பாடு செய்த உத்திரமேரூர் மகாசபையின் வட்டாரம். மடை மாற்றுவதைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு அந்த உவமானம் ஒரு விளக்கமாக அல்லாமல், உடம்பில் ஏற்கெனவே படிந்துள்ள ஓர் அசைவின் ஞாபகமாகவே போய்ச் சேர்ந்தது. அன்றே கை வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு ஓசைகளும் நெருங்கத் தொடங்கின. சில நாட்களில், பத்துக்கு ஒன்றாக, 'சக்' என்ற ஒற்றை ஓசை விழலாயிற்று. அது விழும்போதெல்லாம் அவள் வாசிப்பை நிறுத்திவிட்டுத் தன் கையையே பார்ப்பாள்.

அந்த ஒற்றை ஓசையைக் கேட்டபோது எனக்கு என் முதல் மிருதங்கப் பாடம் நினைவுக்கு வந்தது. 'த தீ தொம் நம்' என்பதுதான் எல்லோருக்கும் முதல் பாடம். இதில் 'தொம்' இடக்கையால் தொப்பியில் எழுப்பும் திறந்த சொல், யாருக்கும் வந்துவிடும். 'நம்' அப்படியன்று. வலந்தலையின் ஓரத்தில் உள்ள மீட்டுத்தோலை ஆட்காட்டி விரல் அடிக்கும்போது, மோதிர விரல் நடுவேயுள்ள கரணையின் விளிம்பை மெல்லத் தொட்டபடி அசையாமல் இருக்க வேண்டும். அது அழுத்தினால் சொல் செத்துவிடும். எழும்பினால் கலங்கிய ஓசை வரும். தொட்டும் தொடாமலும் நின்றால்தான் சுருதியோடு சேர்ந்த அந்தத் தெளிவான 'நம்' பிறக்கும். அடிக்கும் விரலைக் கண்கள் கவனிக்கின்றன. அடங்கி நிற்கும் விரலை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் சொல்லைச் செய்வது அடங்கி நிற்கும் விரல்தான்.

இது வெறும் வித்வான்களின் நம்பிக்கையன்று. பௌதிக சாஸ்திரம் ஒப்புக்கொண்ட விஷயம். சர் சி.வி. ராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். பிறகு 1934-இல் இந்திய முழவுகளைப் பற்றி விரிவாகவே எழுதினார். சாதாரணத் தோல் ஒன்றை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் ஓசைகள் ஒன்றோடொன்று இசையாதவை. ஆகவே முரசொலியில் சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ, நடுவே ஏற்றிய கரணையின் பாரத்தாலும் ஓரத்தில் வளையமாக அமைந்த தோலாலும், தோலின் பலவகை அதிர்வுகள் ஐந்து இசைவான ஸ்வரங்களாகத் திரண்டு நிற்கின்றன என்பதும், வாசிப்பவரின் விரல் படியும் இடத்தைப் பொறுத்தே அவற்றில் எது எழும், எது அடங்கும் என்பது நிர்ணயமாகிறது என்பதும் ராமனின் முடிவு. தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி, விரல் தொட்ட இடங்களில் அதிர்வற்ற கோடுகள் ஓடுவதை அவர் கண்ணால் காணும்படி செய்தார். எங்கே அதிர்வு இல்லையோ அங்கே மணல் சேர்கிறது. நாதத்தின் வடிவத்தை எழுதுவது அதிர்வில்லாத அந்தக் கோடுகளே என்று அதைப் படித்த நாளில் எனக்குத் தோன்றியது. இன்றும் அவ்வாறே தோன்றுகிறது.

யுகுலேலியின் மூடிய அடியில் நடப்பது இதன் எல்லைநிலை. மோதிர விரல் ஒரு சில அதிர்வுகளை மட்டும் அடக்குகிறது. உள்ளங்கையின் அகன்ற சதையோ நீளமான ஓர் இடத்தை மூடிக்கொள்வதால் எந்த அதிர்வுக்கும் இடம் தருவதில்லை. சுருதி முழுவதும் போய்விடுகிறது. மிஞ்சுவது காலம் ஒன்றே. அந்த ஓசைக்கு நேரம் உண்டு, இடம் உண்டு, ஸ்வரம் இல்லை. தாளத்தைத் தன்னந்தனியாகக் காதில் போடுவதற்கு இதைவிடச் சுத்தமான உபாயம் இருக்குமா என்று தெரியவில்லை.

இந்தத் தாலுக்காவின் பிள்ளைகள் இத்தகைய ஓசைகளுக்குப் புதியவர்கள் அல்லர். பங்குனி, சித்திரை மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்துக் கூத்து நடக்கும்போது, இரவெல்லாம் முகவீணையும் ஹார்மோனியமும் பாடுகிறவரின் உச்சக் குரலைத் தாங்கிக்கொண்டு போக, மிருதங்கமும் டோலக்கும் அவற்றுக்கு அடியில் விடியுமட்டும் ஓயாமல் நடக்கின்றன. வேஷக்காரர் திரையை விட்டு வெளியே வந்து கிறுகிறுவென்று சுழன்று சட்டென்று நிற்கும்போது, மிருதங்கமும் அந்த இடத்தில் மூடிய அடியோடு நின்றாக வேண்டும்; ஒரு மயிரிழை கழித்து ஒலித்தாலும் அந்த நிற்றலின் கம்பீரம் சிதறிவிடும். பாயை விரித்துப் படுத்துக்கொண்டே, பாதித் தூக்கத்தில், அந்த நிற்றல்களைக் கேட்டு வளர்ந்த காதுகள் இவை. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ருயினும் முன்னின்று நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில், 2002 முதல் 2020 வரை, கிராமத்துப் பிள்ளைகள், பெண் குழந்தைகள் உள்பட, பள்ளிப் படிப்போடு கூத்தையும் அதன் பக்கவாத்தியங்களையும் சேர்த்தே கற்றார்கள். கூத்தைப் பரம்பரைக்கு வெளியே உள்ளவர்களுக்கும், மேடையேற அனுமதிக்கப்படாதிருந்த பெண்களுக்கும் கற்பிக்க முடியும் என்று அவர்கள் காட்டியது சிறிய விஷயமன்று. அந்தக் குருகுலம் மூடப்பட்டது இந்த மாவட்டத்துக்குப் பெரிய நஷ்டம் என்றே நான் கருதுகிறேன்.

பறையின் சங்கதியும் இவ்வாறே. அடிக்குச்சி நடுவே விழ, நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சி இடக்கையிலிருந்து தோலின் மேல் படிந்து விடுபட்டு, விடுபட்டுப் படிந்து, ஓசையைக் கத்தரித்துக்கொண்டே செல்கிறது. ஜாதியின் பெயரால் வெகுகாலம் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட அந்த வாத்தியத்தில் இருக்கும் லயக் கல்வியை நம்முடைய சங்கீத சபைகள் காதுகொடுத்துக் கேட்கவே இல்லை. 2025-ஆம் ஆண்டில் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டபோது அந்த அநீதியின் ஒரு சிறு பகுதிக்காவது பரிகாரம் கிடைத்தது.

காஞ்சிபுரத்தைப் பற்றிப் பேசிவிட்டு நாயனாப் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் கடந்து செல்ல என் மனம் ஒப்பவில்லை. 1889-இல் பிறந்து 1934-இல், இன்னும் முதுமை எட்டாத வயதில், மறைந்த அந்த மகாவித்வானின் கச்சேரிகள் 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர் பெற்றவை: மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங்கு, டோலக், கொன்னக்கோல் என்று லயவாத்தியங்களின் ஒரு சபையையே தமக்கு எதிரே அமர்த்திக்கொண்டு, அவற்றின் நடுவில் பல்லவி பாடி நிலைநின்றவர். அவருக்குக் கஞ்சிரா வாசித்தவர்களில் புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் ஒருவர் என்றால் அந்தச் சபையின் தரத்தை ஊகித்துக்கொள்ளலாம். அத்தனை கைகளுக்கு நடுவே ஒரு குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், அக்கைகளுக்கு எப்பொழுது அடங்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். திண்ணையில் தனியே உட்கார்ந்து பாடும் ஒரு பெண் குழந்தைக்கு அந்தச் சபையைக் கூட்ட வசதி ஏது? பாடவும் வேண்டும், கார்டும் பிடிக்க வேண்டும், தாளமும் வேண்டும் என்றால், அவளுக்குக் கிடைத்துள்ள பக்கவாத்தியம் அவளுடைய வலக்கைச் சதை ஒன்றுதான். இந்த அடியின் மீது எனக்கு இவ்வளவு மரியாதை ஏற்பட்டதற்குக் காரணம் இதுவே.

தந்தி வாத்தியத்தைத் தாளவாத்தியமாகவும் கையாளுவது மேற்கத்தியர் கண்டுபிடித்த உத்தி என்று யாரேனும் நினைத்தால், நம் வீணையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அதன் ஏழு தந்திகளில் நான்கு வாசிப்புக்கு. மற்ற மூன்றும் பக்கவாட்டில் ஓடும் தாளத் தந்திகள். வலக்கையின் இரு விரல்கள் ராகத்தை மீட்டிக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் மட்டும் பிரிந்து சென்று, அந்த மூன்றையும் மேல்நோக்கி வருடித் தாளத்தைச் சொல்லிவிட்டு வருகிறது. வீணை பயிலத் தொடங்குகிறவர்கள் இந்தச் சுண்டுவிரலோடு படும் பாடு அவர்களுக்குத்தான் தெரியும். மற்ற விரல்கள் செய்வதையே தானும் செய்ய அது துடிக்கும். தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டிலோ நாணேற்றிய பெருவில்லை வீசுகோலால் அடித்துக் கதை சொல்கிறார்கள்; ஆவுடையார்கோயிலில் பரம்பரையாக வாசிக்கப்பட்டு வந்த கெத்து என்னும் அபூர்வ வாத்தியத்தில் தந்திகளை மூங்கில் குச்சிகளால் தட்டியே லயத்தை எழுப்பினார்கள். தந்தியை அடிக்கலாம் என்பது நமக்கு யாரும் வந்து கற்பிக்க வேண்டிய விஷயமாக இருந்ததில்லை.

யுகுலேலி நம்மவர்க்கு அந்நியமான வாத்தியம் என்று முகம் சுளிப்பவர்களுக்கும் அதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லலாம். போர்த்துகேயருக்கு உரிய மதேரா தீவிலிருந்து, ஹவாயியின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய நானூற்றுக்கு மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்த 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல் 1879 ஆகஸ்டு 23 அன்று ஹொனலுலுவை அடைந்தது. அவர்களில் மானுவேல் நூனெஸ், ஜோஸே தோ எஸ்பிரித்தோ சாந்தோ, அகுஸ்தோ தியாஸ் என்ற மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள். தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் நகரத்தில் கடை வைத்து, தங்கள் ஊரின் சிறு மீட்டு வாத்தியத்தை அந்நாட்டு மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். கலாகௌவா அரசர் அதை அரண்மனைக்குள் வரவேற்றார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியின் வழியாக அமெரிக்கா முழுவதும் அது பரவிற்று. அதே 1879-இல், மே மாதத்தில், 'லியோனிடாஸ்' கப்பல் கல்கத்தாவிலிருந்து ஃபிஜித் தீவுக்கு முதல் இந்தியக் கூலிகளைக் கொண்டு சேர்த்தது. அதற்கும் முன்பே, 1860 நவம்பரில், 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை நேட்டாலின் கரையில் இறக்கியிருந்தது. எல்லாமே கரும்புக்காக நடந்த பயணங்கள். இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்கள் தப்பைத் தங்களோடு கொண்டு சென்றார்கள். விடியற்காலையில் ஆட்களைத் திரட்டப் பிரட்டுத் தப்பு என்று அதை முழக்க வைத்தது தோட்ட நிர்வாகம். மாலையில் அதே தப்பு காமன் கூத்துக்கும் முழங்கிற்று. மதேராவின் ஏழைத் தச்சர்களின் தந்தி வாத்தியமும் நம் ஏழைகளின் தோல் வாத்தியமும் ஒரே சரித்திரத்தின் இரு குழந்தைகள் என்று கொண்டால், திண்ணையில் அவை ஒன்றையொன்று சந்திப்பதில் விநோதம் ஒன்றும் இல்லை.

இனிப் பழகும் முறை. யுகுலேலியின் நான்கு தந்திகள் ஜி, சி, ஈ, ஏ என்று கூட்டப்படுகின்றன. நான்காவது தந்தியாகிய ஜி மூன்றாவதைக் காட்டிலும் உச்சத்தில் இருப்பதால், கிடாரில் உள்ளதுபோலக் கனத்த மந்திர ஒலி அதில் கிடையாது. மிருதங்கத்தின் மொழியில் சொன்னால், வலந்தலை இருக்கிறது, தொப்பி இல்லை. நைலான் தந்தியாகையால் நாதமும் வெகுநேரம் நிற்பதில்லை. இந்த இரண்டு குறைகளையும் மூடிய அடி ஒருங்கே ஈடு செய்கிறது. அப்படியிருக்க, சொல்லிக்கொடுக்கிறவர்கள் பலர் கார்டுகள் அனைத்தும் பழகிய பிறகு அலங்காரமாக இதைக் கற்பிப்பது எனக்குச் சம்மதமில்லை. சி கார்டு ஒன்று போதும். அதற்கு மோதிர விரல் ஒன்றை ஏ தந்தியின் மூன்றாம் கட்டில் வைத்தால் தீர்ந்தது. அந்த ஒற்றைக் கார்டோடு மூடிய அடியைச் சாதகம் செய்து, கை தன்னை மறந்து நடக்கத் தொடங்கிய பிறகே இரண்டாவது கார்டுக்குப் போக வேண்டும். லயம் முதலில், ஸ்வரம் பிறகு.

இப்படிச் செய்வதில் ஆரம்ப மாணாக்கருக்கு எதிர்பாராத ஓர் உதவியும் கிடைக்கிறது. எல்லோருக்கும் கஷ்டமான இடம் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம். இடக்கை விரல்கள் தடுமாறும் அந்த நேரத்தில் வலக்கையும் நின்றுவிட, தாளம் அறுந்துபோகிறது. நான்காவது எண்ணிக்கையில் மூடிய அடி விழுமானால், அக்கணத்தில் சுருதியே கேட்பதில்லை. இடக்கை விரல்கள் எங்கே இருந்தாலும் காதுக்குத் தெரியாது. அடியின் மறைவில் விரல்கள் இடம் மாறிக்கொள்ளலாம். எஃப் கார்டிலிருந்து ஜி7-க்கு மாறும்போது திணறிக்கொண்டிருந்த என் தம்பி மகள் இதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடிய அடி விழுந்ததும் கை தந்திகளின்மேல் உட்கார்ந்துவிடக் கூடாது. அடிப்பதிலேயே சிந்தை முழுவதும் போய்விடுவதால் பிள்ளைகள் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மணிக்கட்டு விறைத்து, அடுத்த மேல்வீச்சு தாமதமாகிவிடுகிறது. மூடிய அடியின் முடிவே மேல்வீச்சின் தொடக்கம். கை இறங்குவதும் எழும்புவதும் இடைவிடாத ஒரே ஓட்டமாக இருந்து, அதன் வழியில் தந்திகள் சில சமயம் ஒலிக்கவும் சில சமயம் அடங்கவும் செய்கின்றன என்று ஆகும்போதுதான் நடை பிறக்கிறது. இதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பதொன்றே. வாயால் 'தக திமி' என்று சொல்லிக்கொண்டு, வாத்தியமே இல்லாமல், தொடையின்மேல் கையை வீசிப் பழகினாலும் தகும். மிருதங்க வகுப்பில் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகாத கையைத் தோலின்மேல் வைக்க என் குருநாதர் அனுமதித்ததே இல்லை.

நான்கு எண்ணிக்கை ஒருவாறு கைவந்த பிறகு அவள் கேட்ட கேள்விதான் என்னைச் சில இரவுகள் விழித்திருக்கச் செய்தது.

"பெரியப்பா, ஏழுல வர்ற பாட்டுக்கு எங்க மூடறது?"

மிச்ர சாபு தாளத்தில், 'தகிட தக திமி' என்று மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழு அட்சரங்கள். தகிடவைத் திறந்து விட்டு, தகவின் தலையிலும் திமியின் தலையிலும், அதாவது நான்காவதிலும் ஆறாவதிலும் மூடுவதே இயல்பு என்று சொன்னேன். கை கேட்கவில்லை. கீழ், மேல், கீழ், மேல் என்று மாறி மாறி வீசிக்கொண்டே வந்தால் ஏழு ஒற்றைப்படை எண்ணாகையால், முதல் ஆவர்த்தத்தில் நான்காவது அட்சரம் மேல்வீச்சில் விழுகிறது. மறு ஆவர்த்தத்தில் கீழ்வீச்சுக்கு மாறிவிடுகிறது. மூடிய அடியோ கீழ்வீச்சில் மட்டுமே சாத்தியம். ஒரு சுற்றில் கிடைப்பது மறு சுற்றில் கிடைப்பதில்லை.

வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் போட்டுப் பார்த்தோம். கடைசியில் வழி தகிடவிலேயே இருந்தது. 'த' கீழே, 'கி' மறுபடியும் கீழே, 'ட' மேலே. பிறகு 'தக' கீழும் மேலும், 'திமி' கீழும் மேலும். இப்படி வைத்தால் ஒவ்வோர் ஆவர்த்தமும் கீழ்வீச்சிலேயே தொடங்குகிறது. மூட வேண்டிய நான்கும் ஆறும் எப்பொழுதும் கீழ்வீச்சாகவே அமைகின்றன. மெதுவான காலத்தில் அன்று மாலையே வந்துவிட்டது. துரிதத்தில்தான் தொல்லை: தகிடவின் இரண்டு கீழ்வீச்சுகளுக்கு நடுவில் கை தந்திகளைத் தொடாமல் மேலே திரும்பிவர வேண்டியிருக்கிறது, அதற்கு அரை அட்சரம்கூடக் கிடைப்பதில்லை. இரண்டாவது கீழ்வீச்சை ஆட்காட்டி விரலுக்குக் கொடுக்காமல் கட்டைவிரலுக்குக் கொடுத்தால் மணிக்கட்டு அவ்வளவு தூரம் எழும்ப வேண்டியதில்லை என்று அவள் இப்பொழுது சொல்கிறாள். கட்டைவிரலின் சதையும் மெத்தென்று விழுவதால் 'கி' சற்று அடங்கி ஒலித்து, 'த' தலைதூக்கி நிற்கிறது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. இன்னும் இரண்டாம் காலத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.